முதிரைத் தளிரில் தொடங்குங்கள்: திருகோணமலைக் காட்டில் மயிலழகியைத் தேடவும் காக்கவும்

முதிரை என்றதும் திருகோணமலையில் எல்லோருக்கும் கதவு நிலையும் உத்தரமும்தான் நினைவுக்கு வரும். அந்த மரத்தின் கொழுந்தைத் தின்று வளர்கிற ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதன் அறிவியல் பெயர் பாபிலியோ கிரைனோ. இந்தக் கட்டுரையில் அதைப் பட்டை மயிலழகி, சுருக்கமாக மயிலழகி என்று குறிப்பிடுகிறோம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தாழ்நிலக் காடுகளில் வாழ்கிறது. நம் பக்கத்தில் அதன் வீடு உலர்வலயக் காடு: பாலை, வீரை, கருங்காலி, முதிரை, விண்ணாங்கு எல்லாம் கலந்து நிற்கிற, கோடையில் பாதி உதிர்ந்தும் பாதி பச்சையாகவும் தெரிகிற காடு.

வண்ணத்துப்பூச்சியைக் காக்க வேண்டும் என்று வருகிற புதியவர்கள் பெரும்பாலும் பூச்செடியில் தொடங்குகிறார்கள். முற்றத்தில் நாலு நிறத்தில் பூ வைத்தால் போதும் என்ற எண்ணம். பூ, பறக்கிற பூச்சிக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். அடுத்த தலைமுறை உருவாகிற இடம் முதிரையின் இளந்தளிர். ஆகவே காக்க வேண்டிய பொருள் முழங்கால் உயர முதிரைக் கன்று. அதைப் பற்றைக் காடு என்று வெட்டித் துப்புரவாக்கிவிட்டு எத்தனை பூச்செடி வைத்தாலும் இந்தப் பூச்சி வராது.

பூச்சியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

இறகு விரித்தால் 80 முதல் 100 மில்லிமீற்றர், உள்ளங்கை அகலம். அடிநிறம் கரும்பழுப்பு. அதன்மேல் பச்சைப் பொடி தூவியது போல் மிக நுண்ணிய செதில்கள். நிழலில் பறக்கும்போது வெறும் கறுப்புப் பூச்சியாகத் தெரியும். வெயிலில் திரும்பிய நொடியில் பச்சை மின்னும். முன்னிறகிலிருந்து பின்னிறகுவரை நீலமும் பச்சையும் கலந்த ஒரே பட்டை ஓடும். அது முன்னிறகின் மேல் விளிம்பை நெருங்க நெருங்க ஒடுங்கும். பின்னிறகில் ஒவ்வொரு பக்கமும் ஒரு வால், நுனி கரண்டி போல் அகன்றிருக்கும். இறகை மூடி அமர்ந்தால் கீழ்ப்பக்கம் மங்கல் பழுப்பு. எதிரே இருந்தாலும் கண்ணில் படாது.

மயில் நிறத்தில் மின்னும் வால் பூச்சி இலங்கையில் இது ஒன்றே. தென்னிந்திய நூல்களில் காணப்படும் மற்ற மயில் நிறப் பூச்சிகள் இங்கே இல்லை என்பதால், உண்மையான மயிலழகியைப் பார்த்துவிட்டால் குழப்பம் வராது. குழப்பம் வருவதெல்லாம் வேறு இரண்டு பூச்சிகளை இதுவென்று எண்ணுவதால்தான். ஒன்று, கிராபியம் குலத்து நீலப்பட்டைப் பூச்சி. கறுப்பில் தெளிவான நீலப் பட்டை, ஆனால் வால் இல்லை. அம்பு போல் பறக்கும். மற்றது, அதே குலத்தின் பச்சைப் புள்ளிப் பூச்சி. வால் உண்டு, கட்டையானது. உடம்பெல்லாம் தனித்தனிப் பச்சைப் புள்ளி, தொடர்ந்த பட்டை கிடையாது. ஆகவே பார்த்ததும் மூன்று கேள்வி: வால் இருக்கிறதா? பட்டை உடையாமல் ஓடுகிறதா? பட்டைக்கு வெளியேயும் பச்சைப் பொடி தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் பதியுங்கள். இரண்டுக்குத்தான் ஆம் என்றால் 'உறுதியில்லை' என்றே எழுதுங்கள். தவறான ஒரு பதிவு, பதியாமல் விட்ட பத்தைவிடக் கெடுதல்.

பங்குனி, சித்திரையில் கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் பறக்கும் மஞ்சள், வெளிர்ப்பச்சைப் பூச்சிகளைப் பார்த்து, சிவனொளிபாதமலைக்குப் போகின்றன என்று ஊரில் சொல்வார்கள். அவை பெரும்பாலும் கொன்றை, தகரை வகைகளில் வளர்பவை. மயிலழகி கூட்டமாக வலசை போவதில்லை. ஒரு நடையில் ஒன்றிரண்டு கண்டால் நல்ல நாள்.

முதிரையைக் கண்டுபிடியுங்கள்

மரம் தெரிந்தால் பூச்சியைத் தேடுகிற வேலை பாதி முடிந்தது. வளர்ந்த முதிரையின் பட்டை மஞ்சள் கலந்த சாம்பல் நிறம், தக்கை போல் தடித்து நெடுக்காக வெடித்திருக்கும். ஓர் ஈர்க்கில் 10 முதல் 20 சோடி சிற்றிலைகள். புளியிலைபோல் தோன்றும், ஆனால் வெளிறிய சாம்பல்பச்சை, ஒவ்வொரு சிற்றிலையின் அடியும் ஒரு பக்கம் சாய்ந்து கோணலாக இருக்கும். பூ சிறியது, வெள்ளை. காய் மூன்று அறை கொண்டது. முற்றியதும் மூன்றாகப் பிளந்து, ஒரு பக்கம் இறகு வைத்த தட்டையான விதைகளை உதிர்க்கும்.

சின்னக் கன்றில் பட்டையும் காயும் உதவாது. அப்போது ஒரு சிற்றிலையைப் பறித்து வானத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசி குத்தியது போல் ஒளி கசிகிற நுண்புள்ளிகள் தெரிந்தால் அது எண்ணெய்ச் சுரப்பி. முதிரை, தேசி, கறிவேப்பிலை, விளாத்தி எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் முத்திரை இது. புளியங்கன்றில் இந்தப் புள்ளி இருக்காது.

ஓர் எச்சரிக்கை. முதிரையின் தூள் சிலருக்குத் தோலில் கடி, தடிப்பு, கொப்புளம் உண்டாக்கும். மரம் அரியும் தொழிலாளருக்கு வருகிற பழைய நோய் இது. கன்றைக் கவாத்துப் பண்ணும்போது கையுறையும் நீளக்கைச் சட்டையும் போடுங்கள். வேலை முடிந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவுமுன் கண்ணைத் தொடாதீர்கள்.

எங்கே, எப்போது

அனுராதபுரம் வீதியில் கன்னியா தாண்டிப் பன்குளம், மொரவெவப் பக்கமும், கந்தளாய் வீதியின் இரு புறமும், சேருவில, வெருகல் பக்கமும் முதிரை நிற்கத்தக்க உலர்காடு உண்டு. நடுக்காட்டுக்குள் போகத் தேவையில்லை. காட்டு விளிம்பு, பழைய வண்டில் பாதை, குளத்துக் கால்வாயோரம், கைவிட்ட சேனை ஆகியவை நல்ல இடம். வெயில் விழுவதால் கன்று முளைத்துத் தளிர்க்கும். காலை வேளையில் யானை நடமாட்டம் உள்ள பாதை எது என்று ஊரவரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். தனியே போகாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ பழைய சிவப்புக் குறியோ கண்டால் அந்தப் பக்கமே வேண்டாம், பூச்சி எங்கேயும் போய்விடாது.

மாதத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். திருகோணமலைக்கு ஐப்பசி முதல் மார்கழிவரை வாடைக்காற்றோடு மாரி. சித்திரையில் இடைப்பட்ட இடிமழை. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடித்து எல்லாவற்றையும் காய்ச்சும். கோடை முற்றும்போது முதிரை இலை உதிர்க்கும். மழை பிடித்ததும் தளிர்க்கும். ஆனால் எந்தக் கிழமை என்பது அந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது. கந்தளாயில் தளிர்த்திருக்கும்போது குச்சவெளியில் மொட்டையாக நிற்கலாம். ஆகவே உங்கள் இடத்தில் ஐந்து முதிரைக்குத் துணி கட்டி அடையாளமிட்டு, கிழமைக்கு ஒருமுறை தளிர் நிலையை எழுதுங்கள். 0 என்றால் தளிரே இல்லை, 1 மொட்டு விரிகிறது, 2 மென்தளிர், 3 முற்றிவிட்டது. 1, 2 வருகிற கிழமைகளே உங்கள் பருவம்.

ஆண் பூச்சியைப் பார்க்க இன்னொரு வழி ஈரமண். வெயில் ஏறிய காலையில் குளக்கரை, ஓடை மணல், மாடு தண்ணீர் குடிக்கும் துறை ஆகிய இடங்களில் ஆண்கள் இறங்கி உப்புச்சத்தை உறிஞ்சும். சற்றுத் தள்ளிக் குந்தியிருந்து பார்த்தால், உறிஞ்சுகுழலை மண்ணில் அழுத்தியபடியே சில விநாடிக்கு ஒருமுறை பின்புறத்தால் ஒரு சொட்டு நீரைப் பீய்ச்சுவது தெரியும். உப்பை வைத்துக்கொண்டு நீரை வெளியே தள்ளுகிறது. அந்த நேரத்தில் நன்றாக நெருங்கலாம். உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது, விழுந்தால் எழும்பிவிடும். பூவில் தேன் குடிக்கும்போது இறகை நிறுத்தாமல் அடிக்கும், ஆகவே படம் எடுப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/1000க்கு மேல் வைக்க வேண்டும். அதற்குக் கீழ் போனால் இறகு புகையாகத்தான் பதியும்.

நடந்து எண்ணும் முறை

கண்டபோது எழுதுவது நாட்குறிப்பு. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டுமானால் ஒரே பாதையை ஒரே முறையில் நடக்க வேண்டும். 1970களில் இங்கிலாந்தில் உருவான, இன்று உலகெங்கும் கையாளப்படுகிற முறை இதற்குப் போதும்.

500 மீற்றர் பாதை ஒன்றைத் தெரிவு செய்து, 100 மீற்றருக்கு ஒரு மரத்தில் அடையாளமிட்டு ஐந்து துண்டாக்குங்கள். ஒரு துண்டு கட்டாயம் ஈரமண் அருகே போகட்டும், ஒன்று முதிரைக் கன்று உள்ள இடத்தில். காலை 8.30க்கும் 11.30க்கும் இடையில், வெயில் உள்ள நாளில், சீரான மெது நடையில் போக வேண்டும். உங்கள் இரு பக்கமும் இரண்டரை மீற்றர், முன்னே ஐந்து மீற்றர், தலைக்கு மேல் ஐந்து மீற்றர்: இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணுங்கள். தூரத்தில் அழகாகப் பறந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்க மனம் துடிக்கும். குறிப்பாக ஓரத்தில் எழுதலாம், எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. படம் எடுக்க நின்றால் அந்த இடத்தில் எண்ணுவதை நிறுத்தி, அதே இடத்திலிருந்து தொடருங்கள். சிறு கிளைகள் ஓயாமல் ஆடுகிற காற்றில் நடக்க வேண்டாம். கச்சான் காலத்தில் எட்டு மணிக்குமுன் தொடங்கினாலும் பலனில்லை, பூச்சி இறகு சூடாகாமல் எழும்பாது.

தாளில் இருக்க வேண்டியவை: திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெயிலா மேகமா, காற்று, துண்டு எண், எண்ணிக்கை, பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது, தளிர் நிலை. ஒன்றும் காணாத நாளுக்கும் 0 என்று எழுதுங்கள். புதியவர்கள் செய்கிற பெரிய பிழை இதுதான்: பூச்சி கண்ட நாளை மட்டும் பதிவார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் பூச்சி எப்போதும் இருந்தது போலத் தாள் சொல்லும். கிழமைக்கு ஒரு நடை, தளிர்ப் பருவத்தில் இரண்டு. இதற்குமேல் வேண்டாம், செய்ய முடியாத அட்டவணை இரண்டு மாதத்தில் நின்றுபோகும்.

முட்டையும் புழுவும்

முட்டையிட வந்த பெண்ணை அதன் பறப்பே காட்டிக்கொடுக்கும். ஆண் நேர்கோட்டில் வேகமாகப் போகும். பெண் பற்றைக்குள் தயங்கித் தயங்கி, இலை இலையாகத் தட்டிக்கொண்டு பறக்கும். முன்னங்காலால் தட்டி இலையின் சுவையை அறிகிறது. முதிரை என்று தெரிந்ததும் வயிற்றை வளைத்து, ஒரு விநாடி தொட்டு, ஒற்றை முட்டை வைத்துவிட்டுப் போகும். இடத்தை மனதில் குறித்து, அது போனபின் பாருங்கள். முட்டை உருண்டை, வெளிர்நிறம், கடுகை விடச் சிறியது. 10 மடங்கு கைவில்லை இருந்தால் நல்லது.

வெப்பமான நம் காலநிலையில் முட்டை ஏறக்குறைய நாலைந்து நாளில் பொரிக்கும், புழுப் பருவம் இரண்டு மூன்று கிழமை, கூட்டுப்புழு இரண்டு கிழமையளவு. முட்டை நாட்கணக்கில் ஒரே கருமையாக நின்று பொரிக்காமல் போனால் ஒட்டுண்ணிக் குளவி முட்டைக்குள் முட்டையிட்டிருக்கும். அது காட்டின் கணக்கு, நீங்கள் தலையிட வேண்டாம். இந்தக் குலத்துச் சிறு புழுக்கள் பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போல் கிடக்கும். வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக ஒன்றும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு போல் ஒன்றை நீட்டி நாற்றம் விடும். அந்த நாற்றம் உங்களுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் தொடாமல் இருப்பதே நல்லது.

வீட்டுத் தேசியிலோ கறிவேப்பிலையிலோ புழு கண்டு மகிழ்ந்து வருபவர்கள் நிறைய. அது பெரும்பாலும் தேசிப் பூச்சி, அல்லது அதன் உறவுக்காரக் கறுப்புப் பூச்சி. அவை ஊரெங்கும் உண்டு. அவற்றையும் கொல்ல வேண்டாம், ஆனால் மயிலழகி என்று பதியாதீர்கள்.

புழுவைப் போத்தலில் போட்டு வீட்டில் வளர்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். ஒடித்த முதிரைக் கொழுந்து சீக்கிரம் வாடும், புழு பட்டினி கிடக்கும். மூடிய போத்தலில் ஈரம் கட்டிப் பூஞ்சையும் வயிற்றுப்போக்கும் வந்து கறுத்துச் சாகும். காட்டு உயிரினத்தை எடுப்பதற்கு அனுமதியும் வேண்டும். புழுவுக்கு உதவ விரும்பினால் கன்றில் முசுறு ஏறுகிறதா என்று பாருங்கள். பக்கத்து மரக்கிளை கன்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுதான் முசுறின் பாலம். அந்தக் கிளையை மட்டும் விலக்கிக் கட்டினால் போதும். மருந்து அடித்தால் முசுறோடு புழுவும் போகும்.

முற்றிய புழு கன்றைவிட்டு இறங்கி, அருகே உள்ள காய்ந்த குச்சியிலோ பற்றையிலோ நூல் கட்டித் தலை மேலாகக் கூடாகும். கன்றைச் சுற்றிக் கிடக்கும் சுள்ளிகளை விறகுக்குப் பொறுக்கினால் கூடுகளும் அடுப்புக்குப் போகும். கன்றைச் சுற்றி மூன்று மீற்றருக்குள் கிடப்பது அப்படியே கிடக்கட்டும்.

கன்று உண்டாக்குதல்

இது சொந்த வளவு, பாடசாலை, கோயில் காணி வைத்திருப்பவர்களுக்கு. அரச காட்டுக்குள் வன இலாகாவின் அனுமதியின்றி நடவோ கன்று பிடுங்கவோ கூடாது.

முதல் வேலை நடுவது அல்ல, தேடுவது. காணியில் ஏற்கெனவே முதிரைக் கன்று இருக்கலாம். முதிரை வேரிலிருந்தும் வெட்டிய அடியிலிருந்தும் துளிர்க்கும். பழைய அடிக்கட்டை ஒன்று இருந்தால் சுற்றிலும் பாருங்கள். முளைத்திருப்பவற்றுக்கு ஒரு தடி நட்டுத் துணி கட்டி, புல்வெட்டுபவரிடம் காட்டிவிடுங்கள். இயந்திரம் வைத்துப் புல் வெட்டுகிறவருக்கு முதிரையும் புல்தான்.

இல்லையென்றால் விதை. காய் பச்சையிலிருந்து பழுப்பாகிப் பிளக்குமுன் பறிக்க வேண்டும். ஒரு கிழமை பிந்தினால் இறகு வைத்த விதை காற்றோடு போய்விடும், மரத்தில் வெறும் தோடுதான் இருக்கும். மூன்று நாலு மரத்திலிருந்து எடுங்கள். ஒரே மரம் என்றால் எல்லாக் கன்றும் ஒரே குணம். சாக்கில் பரப்பி நிழலில் இரண்டு மூன்று நாள் வைத்தால் தானே பிளக்கும். காற்று வீசும் திண்ணையில் காயவைக்காதீர்கள், மேலே மெல்லிய துணி போடுங்கள். விதையைச் சேமித்து வைக்காமல் அந்தப் பருவத்திலேயே விதையுங்கள்.

100 கன்றுக்குக் கணக்கு: 200 விதை, 15 செ.மீ. அகலமும் 23 செ.மீ. உயரமும் உள்ள கறுத்தப் பொலித்தீன் பை 100, அடியில் ஆறு துளை. கலவை இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய மாட்டெரு. நிலாவெளி, உப்புவெளிக்காரர்கள் கைக்கெட்டிய கடல் மணலைப் போட்டுவிடுவார்கள். அதிலுள்ள உப்பு முளையைக் கருக்கும். பச்சை எருவும் சூடேறி வேரை அவிக்கும். ஒரு பைக்கு இரண்டு விதை, தட்டையாக வைத்து அரைச் செ.மீ. மணல் மூடுங்கள். மேலே கிடுகுப் பந்தல், பாதி வெயில் விழட்டும். பூவாளியால் காலையில் ஒருதடவை தண்ணீர்.

முதிரை நாற்று சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, ஈரத்தால். பரிவு மிகுந்து காலையும் மாலையும் ஊற்றுகிறவர் வளவில்தான் நாற்று தண்டடியில் கறுத்துச் சாயும். மேல்மண்ணில் விரலை ஒரு கணு இறக்கிப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். சாய்ந்த நாற்றைப் பையோடு அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணை மறுபடி பாவிக்காதீர்கள். இரண்டும் முளைத்த பையில் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இழுத்தால் மற்றதன் வேரும் அசையும். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். முதலாண்டில் ஒரு சாண் வந்தாலும் குறையில்லை, வேர் கீழே வேலை செய்துகொண்டிருக்கும். பையிலிருந்து வேர் நிலத்துக்குள் போகாமல் இரண்டு மாதத்துக்கு ஒருதடவை பையை இடம் மாற்றி வையுங்கள்.

நடுவது மாரி தொடங்கி மண் ஓரடி ஆழம் நனைந்த பிறகு. முதல் மழைக்கே நட்டால், இடையில் பத்து நாள் வெயில் வந்து கன்று காயும். மார்கழிக்குப் பிந்தினால் வேர் ஊன்றுமுன் கோடை பிடிக்கும். கிடங்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ. அலவாங்கால் அடிமண்ணையும் இளக்கிவிடுங்கள். தண்ணீர் தேங்கும் களிப்பள்ளம் முதிரைக்கு ஆகாது, மேட்டைத் தெரிவு செய்யுங்கள். வேலி ஓரமாக ஒற்றை வரிசையில் நடுவதைவிட, மூன்று மீற்றர் இடைவெளியில் ஐந்து ஏழு கன்று ஒரு கூட்டமாக நடுவது நல்லது. முற்றிய புழு ஒன்றிரண்டே ஒரு சிறு கன்றை மொட்டையாக்கிவிடும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் அது பிழைக்கும். புழு தின்று மொட்டையான கன்றைப் பார்த்துப் பதறாதீர்கள். வேர் ஊன்றியிருந்தால் மறுபடி தளிர்க்கும், அதற்காகத்தானே நட்டோம்.

பிறகு காவல். ஆடு, மாடு எல்லா ஊரிலும். நகரத்தில் கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு மான் ஒரு மேலதிகப் பிரச்சினை. சுற்றுலாப் பயணிக்கு அழகு, கன்று நட்டவருக்குத் தலையிடி. மூன்று தடி ஊன்றிச் சுற்றிக் கம்பி வலை, மானுக்கு ஒன்றரை மீற்றர் உயரம் வேண்டும். முதலிரண்டு கோடைக்கும் கிழமைக்கு ஒரு வாளி தண்ணீர், ஒரே தடவையாக, மெதுவாக. தினம் ஒரு கோப்பை ஊற்றினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூடாக்குப் போடும் சருகு தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும்.

சொந்தக் காணியில் கூட்டம் வளர்ந்த பின், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கன்றை மாரிக்குமுன் இடுப்பளவில் கவாத்துப் பண்ணினால், கைக்கெட்டும் உயரத்தில் புதுத்தளிர் வரும். பூச்சிக்கும் நல்லது, நீங்கள் பார்க்கவும் வசதி. வெட்டுமுன் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பாருங்கள்.

பூச்செடி இதற்குப் பிறகுதான். வெட்சி, கிருஷ்ணகிரீடம், செவ்வரத்தை மூன்றும் நீள உறிஞ்சுகுழல் உள்ள பூச்சிக்கு ஏற்றவை. உண்ணிச்செடி தேன் தரும்தான், ஆனால் காட்டுக்குள் பரவி முதிரைக் கன்றை மூடிவிடும், நடாதீர்கள். அகலச் சட்டியில் ஆற்று மணல் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புக் கரைத்த தண்ணீரால் நனைத்து வெயிலில் வைத்தால் ஈரமண்ணும் ஆயிற்று. தண்ணீர் மேலே நிற்கக்கூடாது, நின்றால் நுளம்பு பெருகும்.

தீயும் கினிப்புல்லும்

கைவிட்ட சேனையில் முதலில் ஏறுவது கினிப்புல். மாரியில் ஆளுயரம் வளர்ந்து, கச்சான் காலத்தில் வைக்கோலாகிவிடும். ஒரு பீடித்துண்டு போதும். பெரிய முதிரை அந்தத் தீயைத் தாங்கிக்கொள்ளலாம், இடுப்பளவுக் கன்று தாங்காது. எரிந்த நிலத்தில் மீண்டும் முதலில் வருவது அதே கினிப்புல். இப்படி மூன்று நாலு கோடை போனால் விதைமரம் நின்றும் கன்று இல்லாத காடாகிவிடும். ஆகவே சித்திரை மழை ஓய்ந்ததும், கச்சான் பிடிக்குமுன், கன்றுக் கூட்டத்தைச் சுற்றி இரண்டு மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்குங்கள். செதுக்கிய புல்லை அங்கேயே குவித்துக் கொளுத்தாதீர்கள். மாடுள்ளவருக்குக் கொடுத்தால் அவரே அடுத்த ஆண்டு கேட்டு வருவார்.

டெங்குக்குப் புகையடிக்கும் மருந்து வண்ணத்துப்பூச்சியையும் கொல்லும். ஆனால் 2017இல் கிண்ணியா பட்டபாட்டை அறிந்தவர் யாரும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது. வளவில் சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு எதிலும் தண்ணீர் நிற்காமல் வைத்திருங்கள், புகையடிக்கும் தேவையே குறையும்.

சட்டமும் முறைப்பாடும்

காட்டு உயிரினங்களுக்கு 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், ஒதுக்குக் காட்டுக்கும் மரத்துக்கும் வனச் சட்டமும் பொருந்தும். முதிரை மரத்தைக் கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வண்ணத்துப்பூச்சிக்கும் சட்டம் உண்டு என்பதை நம்பாதவர் பலர். 2024 மே மாதம் யால தேசிய பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தலில் பிடித்து வைத்திருந்த இரு வெளிநாட்டவருக்கு நீதிமன்றம் 6 கோடி ரூபா தண்டம் விதித்தது. இப்படிப் பிடிப்பவர்களுக்கு வழி காட்டாமல் இருக்க, படத்தை இணையத்தில் போடும்போது முட்டையிடும் கன்றின் ஜீபிஎஸ் இடத்தைப் போடாதீர்கள், பிரதேசத்தின் பெயர் போதும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் இடத்தை மறைக்கும் வசதி உண்டு.

வலையோடும் போத்தலோடும் காட்டோரம் நிற்பவரைக் கண்டால் வாக்குவாதம் வேண்டாம். வாகன இலக்கம், நேரம், இடம் மூன்றையும் எழுதிக்கொண்டு வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். முதிரை வெட்டுவதைக் கண்டாலும் அப்படியே. அதற்கு வன இலாகா அலுவலகமும் கிராம உத்தியோகத்தரும். வெட்டிய பிறகு சொன்னாலும் பயன் உண்டு. அடிக்கட்டை எங்கே என்று தெரிந்தால், அடுத்த மாரியில் அதைச் சுற்றி வருகிற துளிரை ஆடு தின்னுமுன் வலை கட்டிவிடலாம்.